பத்துத் தோட்டா வரம்பு: தடித்த பிடியா, ஒல்லிப் பிடியா?

அமெரிக்காவில் மேகசின் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) எத்தனை தோட்டா கொள்ளலாம் என்ற சட்ட வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆகியவற்றில் 10. கொலராடோவில் 15. இல்லினாய், வெர்மான்ட் இரண்டிலும் கைத்துப்பாக்கிக்கு 15, நீள்துப்பாக்கிக்கு 10. டெலவேரில் 17. எந்தத் துப்பாக்கி வாங்குவது என்ற கேள்விக்கு இந்த எண்ணிலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

17 வரை அனுமதி இருந்தால் கிளாக் 17 கைத்துப்பாக்கி அதன் 17 தோட்டா கம்பெனி மேகசினோடு அப்படியே செல்லும். 15 என்றால், 15 தோட்டா கொள்ளும் கிளாக் 19க்குச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் மேகசின் அடியில் கூடுதலாக இரண்டு தோட்டா கொள்ளும் பேஸ்பிளேட் (அடித்தட்டு) மாட்டினால் கொலராடோவில் வரம்பு மீறிவிடும். பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இதில்தான். உண்மையான தலைவலி 10 தோட்டா மாநிலங்களில்.

அங்கே கிளாக் 19ஐயும், கம்பெனி மேகசினில் பத்தே கொள்ளும் ஒல்லியான கிளாக் 48ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் இரண்டுக்கும் 185 மி.மீ., மேகசினோடு உயரம் 128 மி.மீ. ஸ்லைடின் (சுடும்போது பின்னே போய் வரும் மேல்பாகம்) அகலம் 19இல் 25.5 மி.மீ., 48இல் 22. காலி மேகசினோடு எடை பார்த்தால் 48 சுமார் 80 கிராம் குறைவு. பதினைந்து தோட்டாவை இரண்டு வரிசையாக அடுக்கத்தான் 19க்கு அந்தத் தடித்த பிடி. பத்துதான் போடலாம் என்று சட்டம் சொன்ன பிறகு, ஐந்து தோட்டாவுக்கான வெற்றிடத்தை இடுப்பில் சுமந்து திரிவானேன்? சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவருக்கு 48 அல்லது அதன் குட்டை வடிவமான 43எக்ஸ்தான் சரி. இதே போன்ற ஒல்லிக் கைத்துப்பாக்கியான ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட்டின் சிறிய மேகசினே 11 கொள்ளும் என்பதால் இந்த மாநிலங்களில் அதன் 10 தோட்டா பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு ஒல்லித் துப்பாக்கியான சிக் பி365இன் சிறிய மேகசினில் 10தான். 12, 15 மேகசின்களைத் தொடக்கூடாது.

வீட்டில் வைத்துக்கொள்ளவும் ரேஞ்சில் சுடவும் மட்டும் என்றால் கணக்கு மாறும். கனமான 19இல் உதைப்பு குறைவாகத் தெரியும், பிடியும் கைக்கு நிறைவாக அமையும். அங்கே அகலம் ஒரு குறையே அல்ல. கலிஃபோர்னியாவில் இன்னொரு சல்லடை உண்டு: மாநிலப் பட்டியலில் இல்லாத புதுக் கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் பொதுமக்களுக்கு விற்க முடியாது. முதலில் பட்டியல், பிறகு விருப்பம்.

துப்பாக்கியைவிட மேகசின் தேர்வில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கிளாக் 19க்குப் பத்துத் தோட்டா மேகசின் இரண்டு வகை. ஒன்று கம்பெனியே உள்பக்கத்தைக் குறுக்கி வார்த்தது. அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கையும் ஃபாலோயரையும் (தோட்டாவை மேலே தள்ளும் தட்டு) எடுத்துத் துடைத்து மாட்டலாம். மற்றது, 15 தோட்டா உடலுக்குள் கட்டை வைத்து ரிவெட்டோ எபாக்சியோ போட்டு நிரந்தரமாக மூடியது. இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிரந்தரமாக மூடினால்தான் சட்டத்துக்குச் செல்லும். மூடிவிட்டால் உள்ளே போன மணலையும் துணிப்பஞ்சையும் எடுக்க வழியில்லை, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றவும் முடியாது. கட்டையின் உயரம் ஒரு மயிரிழை கூடினால் பத்தாவது தோட்டா இறங்காது. குறைந்தால் பதினொன்றாவது இறங்கிவிடும். அப்போது கையில் இருப்பது சட்டவிரோத மேகசின். வாங்கிய அன்றே டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு எண்ணிப் பாருங்கள்.

எந்த வகையானாலும் புது மேகசினில் ஒரு சோதனை அவசியம். பத்தும் நிரப்பி மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டு மூன்று மி.மீ. இறங்க வேண்டும். கல் மாதிரி நின்றால், மூடிய ஸ்லைடின் கீழ் அந்த மேகசின் முழுதாக ஏறிக் கொக்கியில் மாட்டாது. மாட்டியது போலத் தோன்றும். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா சுடத் தயாராக நிற்கும் இடம்) இருந்த ஒன்று வெடித்ததும் மேகசின் நழுவித் தரையில் விழும். நிரப்பிய நிலையில் சில நாள் விட்டால் ஸ்பிரிங் கொஞ்சம் இளகும். மேகசினைச் செருகியதும் கீழ்நோக்கி ஒரு முறை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒவ்வொன்றுக்கும் பெயின்ட் பேனாவால் எண் போடுங்கள். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்காமல் போனால் எந்த மேகசின் குற்றவாளி என்று தெரிய வேண்டுமே.

வரம்பு பேசுவது மேகசினைத்தான். சேம்பரில் உள்ள ஒன்று கணக்கில் வராது. ஆக 10+1. போட்டியில் சுடுபவருக்கு இந்தக் கணக்கு பிடிபட வேண்டும். 32 தோட்டா சுட வேண்டிய நீளச் சுற்றில் மூன்று மேகசின் 11+10+10 என்று 31இலேயே தீர்ந்துவிடும். நான்காவது இடுப்பில் இருக்க வேண்டும், தவறிய குண்டுக்கு ஐந்தாவது.

‘பத்துதான் என்றால் பெரிய தோட்டாவாக இருக்கட்டும்’ என்போர் பக்கமும் நியாயம் உண்டு. பெரிய .45 கேலிபர் தோட்டா போடும் 1911 என்ற பழைய கைத்துப்பாக்கி மாடலில் 7 அல்லது 8தான். வரம்பால் அதற்கு இழப்பே இல்லை. கிளாக் 30 .45இல் பத்தே கொள்ளும். ஆனால் .45 தோட்டா விலை கூடுதல், பயிற்சி குறையும். ஐந்து, ஆறு தோட்டா ரிவால்வரைச் சட்டம் தொடுவதேயில்லை, ஆனால் மறுநிரப்பு மெதுவு. 1994 முதல் 2004 வரை நாடு முழுக்கப் புது மேகசினுக்குப் பத்துத் தோட்டா வரம்பு இருந்தபோதும் சந்தை சிறிய உருவத்தை நோக்கித்தான் சாய்ந்தது. பத்துத் தோட்டா கொள்ளும் கிளாக் 26 வந்தது 1995இல்.

எல்லை தாண்டுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பென்சில்வேனியாவில் சாதாரணமான 15 தோட்டா மேகசின், பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் போனதும் காலியாக இருந்தாலும் குற்றம். மேரிலாந்தில் 10க்கு மேற்பட்டதை வாங்க, விற்கத்தான் தடை, வைத்திருக்கத் தடையில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2022 முதல் விற்கவும் உள்ளே கொண்டுவரவும் தடை. கிளாக் 19 ஏற்கெனவே வைத்திருப்பவர் புதுத் துப்பாக்கிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கம்பெனியின் பத்துத் தோட்டா மேகசின் மூன்று வாங்கி, அடித்தட்டுக்கு வேறு நிறம் பூசித் தனிப் பையில் வைத்தால், புறப்படும் அவசரத்தில் 15 தோட்டா மேகசினோடு கலந்துவிடாது.