டபுள் ஆட்டா, நாலாம் நம்பரா? கயோட்டிக்கு எந்த பக்‌ஷாட், எந்த சோக்

டெக்சாஸ்ல மெஸ்கிட் புதருக்குள்ள உக்காந்துகிட்டு முயல் அலறுற சத்தத்த காலர்ல (மிருகத்த கூப்பிடற கருவி) போட்டா, கயோட்டி, அதான் சின்ன ஓநாய் மாதிரி இருக்கற மிருகம், சில நேரம் இருபது யார்டுல திடீர்னு வந்து நிக்கும். அந்த தூரத்துல ஸ்கோப் வச்ச ரைஃபிள திருப்பறதுக்குள்ள அது போயிடும், ஷாட்கன்தான் சரி. ஆனா அதுல எத போடறதுங்கறதுலதான் சண்டையே.

பக்‌ஷாட்னா ஒரே ஷெல்லுக்குள்ள இருக்கற பெரிய சைஸ் குண்டுங்க, டபுள் ஆட் (00), நாலாம் நம்பர் எல்லாம் அதோட சைஸ் பேரு. பாதி பேர் கண்ண மூடிகிட்டு டபுள் ஆட் வாங்குவாங்க. குண்டு ஒவ்வொண்ணும் 0.33 இன்ச், கிட்டத்தட்ட மூணரை கிராம், ஒண்ணு பட்டாலே போதும்னு நினைப்பு. சரிதான், ஆனா படணுமே! 12 கேஜ் (பேரல் அகலத்தோட அளவு) சாதா ரெண்டேமுக்கால் இன்ச் ஷெல்லுல மொத்தமே 9 குண்டு. நாலாம் நம்பர் பக் 0.24 இன்ச், ஒண்ணு 1.3 கிராம்தான், ஆனா அதே ஷெல்லுல 27 இருக்கும், மூணு இன்ச் ஷெல்லுன்னா 41.

கணக்கு போட்டு பாருங்க. கயோட்டி நெஞ்சுக்கு நான் பத்து இன்ச் வட்டம், அதாவது ஒரு டிபன் தட்டு அளவு எடுத்துக்கறேன். குண்டு எல்லாம் முப்பது இன்ச் வட்டத்துல சமமா பரவுச்சுன்னா தட்டுக்கு கிடைக்கறது ஒம்பதுல ஒரு பங்கு. டபுள் ஆட்ல ஒண்ணு, நாலாம் நம்பர்ல மூணு, மூணு இன்ச் ஷெல்லுல நாலு அஞ்சு. நிஜத்துல நடுவுல கொஞ்சம் அடர்த்தியா விழும், ஆனாலும் ஒரே ஒரு குண்ட நம்பி ட்ரிக்கர இழுக்க எனக்கு மனசு வராது, அடிபட்டு புதருக்குள்ள ஓடற மிருகத்த தேடி அலையறது அவ்ளோ கொடும.

இப்ப சோக், அதாவது பேரல் வாய எவ்வளவு குறுக்கறதுங்கறது. மாடிஃபைட்னா பேரல் வாய் 20 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) குறுகும், ஃபுல்னா 35ல இருந்து 40 வரைக்கும். இறுக்கமா இருந்தா கூட்டமா போகும்னு நானும் நம்பி, காசு கொட்டி எக்ஸ்ட்ரா ஃபுல் ஒண்ணு வாங்கி டபுள் ஆட் போட்டு 40 யார்டுல சுட்டேன். தட்டுக்குள்ள ரெண்டு, மிச்சம் பேப்பரோட ஓரத்துல, ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியல. ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சது: ஷெல்லுக்குள்ள டபுள் ஆட் மூணு மூணா அடுக்கியிருக்கும், 0.33 குண்டு மூணு முக்கோணமா ஒட்டி நின்னா அதுக்கு 0.711 இன்ச் இடம் வேணும். 12 கேஜ் பேரல் 0.729, அதுல தாராளம். ஃபுல் சோக் வாய் 0.69, அங்க நசுங்கித்தான் வெளிய வரும், நசுங்குன குண்டு நேரா போகாது. மாடிஃபைட் 0.709, மயிரிழைதான் பத்தாது, அதவிட லூஸான சோக் இம்ப்ரூவ்டு சிலிண்டர் 0.719ல நிம்மதியா போகும். ஈயம் மெத்துனு இருக்கறதால செப்பு பூசுன, நடுவுல பிளாஸ்டிக் பொடி நிரப்புன ஷெல் கொஞ்சம் தாங்கும். நாலாம் நம்பர் சின்ன குண்டு, ஃபுல் சோக்ல நல்லாவே போகும்.

ஃபெடரல் ஃப்ளைட்கன்ட்ரோல் மாதிரி ஷெல்லுக்கு இந்த கணக்கே வேற. அதுல வாட் (குண்டுங்கள சுமந்துட்டு போற பிளாஸ்டிக் கப்) பின்பக்கம் விரிஞ்சு குண்டு கூட்டத்த கொஞ்ச தூரம் புடிச்சுகிட்டே போகும், இறுக்கமான சோக் அந்த வாட்ட கெடுத்துடும், அதனால லூஸா விடுங்க. டங்ஸ்டன் குண்டு ஈயத்த விட கனம், சின்ன சைஸ்லயே வேல செய்யும், ஆனா வில பாத்தா கயோட்டிக்கு மரியாத கூடிப்போகும். ஸ்டீல் பெரிய சைஸ ஃபுல் சோக்ல மட்டும் போட்டுடாதீங்க, அது நசுங்காது, பேரலுக்குத்தான் சேதம்.

எதுவானாலும் உங்க துப்பாக்கில பேப்பர்ல பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும், ஒரே மாடல் ரெண்டு துப்பாக்கி ரெண்டு விதமா சுடும். நாலடி பிரவுன் பேப்பர், சாண்ட் பேக் மேல வச்சு 20, 30, 40 யார்டுல ஒவ்வொண்ணுக்கும் மூணு ஷாட், ஒரு ஷாட்டுக்கு ஒரு பேப்பர். கூட்டத்தோட நடு நீங்க குறி வச்ச எடத்துலயே இருக்கான்னும் பாருங்க, என்னோடது நாலு இன்ச் எடப்பக்கம் போச்சு, அத சரி பண்ணவே ஒரு சாயங்காலம் ஆச்சு. பின்னால மண்மேடு இருக்கணும், பக்‌ஷாட் பேப்பரோட நிக்காது.

இப்போதைக்கு என்கிட்ட மூணு இன்ச் நாலாம் நம்பரும் ஃபுல் சோக்கும். 40 யார்டுல தட்டுக்குள்ள பத்துக்கு மேல விழுது, 50ல நாலுதான். அதனால நாப்பதுல ஒரு மெஸ்கிட் கெளைல துணி கட்டி வச்சிருக்கேன், அத தாண்டி நிக்கறத ரைஃபிள் வச்சிருக்கறவன் பாத்துக்கட்டும்.