கண்ணகி நகருக்கு ஏழு வருடமாகப் போய் வருகிறேன்: ஒரு குழந்தையை ஸ்பான்சர் செய்த அனுபவம்

2018-ல் ஒரு டிரஸ்ட் மூலமாக, சென்னை கண்ணகி நகரில் இருக்கும் ஒரு பெண் குழந்தையின் படிப்புக்கு மாதம் 1,500 ரூபாய் கட்ட ஆரம்பித்தேன். அப்போது அவள் நாலாம் வகுப்பு. இப்போது ப்ளஸ் ஒன். பணம் கட்டுவதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் தேதி ஆனால் வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். நான் கற்றுக்கொண்டதெல்லாம் நேரில் போய் வந்ததில்தான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) துரைப்பாக்கம் பக்கம் திரும்பி உள்ளே போனால் கண்ணகி நகர். நகரத்துக்குள் ஆற்றோரமும் சாலையோரமும் குடிசை போட்டிருந்தவர்களை 2000 வாக்கிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இவளுடைய பாட்டி வீடு கூவம் கரையில் இருந்ததாம். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. அம்மா இன்னமும் தினமும் பஸ் ஏறி அடையாறு போய் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார்.

முதல் தடவை ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன், டிரஸ்ட் ஊழியர் ஒருவருடன். இரண்டாவது மாடி. ஒரே அறை, மூலையில் சமையல் மேடை, வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். எனக்காக மாஸா பாட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை ஊற்றி என்னிடம் நீட்டினார் அம்மா. குழந்தையும் அவள் தம்பியும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே இறங்கும்போதுதான் ஊழியர் சொன்னார், அம்மா அன்றைக்கு மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாராம். ஒரு வீட்டில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களாம். நான் போனதால் அந்தக் குடும்பத்துக்குச் செலவு! அதற்குப் பிறகு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் போகிறேன். டீ மட்டும் போதும் என்று முன்னாலேயே போனில் சொல்லிவிடுவேன். எது கொண்டுபோனாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

டிரஸ்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. குழந்தையைத் தனியாகச் சந்திக்க விடமாட்டார்கள், வெளியே கூட்டிப்போக முடியாது, படம் எடுத்து எங்கேயும் போடக்கூடாது. சிலர் இதைக் கெடுபிடி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒருவர் பணம் கட்டுகிறார் என்பதற்காக ஒரு குழந்தையை அவரை நம்பி அனுப்ப முடியுமா?

பிடிக்காததும் உண்டு. 2020-ல் அம்மா, "ஆறாவதுக்கு கவர்மென்ட் ஸ்கூல்லயே போட்டுடறேன்க்கா" என்றார். அதுவரை ஒரு சின்ன தனியார் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். ஃபீஸ் என் பணத்தில் போனாலும் வேன், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் அவர் தலையில்தான். டிரஸ்டின் கணக்கில் உதவி 'ஸ்கூல் ஃபீஸ்' என்று பதிவாகியிருந்ததால், அதை டியூஷனுக்கும் சத்துணவுப் பொருளுக்கும் மாற்ற எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் பணம் கிடப்பில். எனக்கு யாரும் சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். வருட அறிக்கையிலும் போன வருடத்து வரிகளே அப்படியே இருந்தன. ஸ்பான்சர் செய்ய நினைப்பவர்கள், பணம் எந்தத் தலைப்பில் போகிறது, தேவை மாறினால் யார் மாற்றுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெறச் சான்றிதழ் தருவார்களா என்றும் கேளுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது பயன்படும்.

அரசுப் பள்ளிக்கு மாற்றியபோது எனக்கு மனசே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடியும்வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். என் விருப்பப்படி நடந்திருந்தால் இரண்டும் கைநழுவியிருக்கும்.

எட்டாவதில், மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேறினாள். ஒன்பதாவதிலிருந்து நாலு வருடத்துக்கு, வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் பணம் வரவில்லை. காரணம் இனிஷியல்! பள்ளிப் பதிவில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. அம்மா இரண்டு தடவை அலைந்து, இரண்டு நாள் கூலி போய், அந்தத் தாளில்லை இந்தத் தாளில்லை என்று திரும்பியிருந்தார். அப்புறம் நான் ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். ஆதார் மையத்தில் டோக்கன் 41. பள்ளியில் ஒரு கடிதம் வாங்கினோம், பிறப்புச் சான்றிதழை நகலெடுத்தோம், அங்கிருந்து வங்கிக்குப் போனோம். என்னென்ன தாள் தேவை என்று வரிசையில் நிற்பதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஐந்து வாரம் கழித்துப் பணம் ஏறியதும், போனில் வந்த குறுஞ்செய்தியை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள்.

ஏழு வருடத்தில் நான் கட்டியது ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும். அந்த ஒரு நாள் லீவு அதைவிட உதவியது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

போன வருடக் கடைசியில் போனபோது வீட்டில் ஒரே கபடிப் பேச்சு. அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். "எங்க ஊரு அக்கா, ஆன்ட்டி" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். பள்ளியில் கொடுத்த சைக்கிளைக் கீழே படிக்கட்டுக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள்.

ப்ளஸ் டூ முடிந்ததும் டிரஸ்டின் உதவி நின்றுவிடும். இதை அம்மாவிடம் சொன்னபோது பணத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. டீ டம்ளரை எடுத்துக்கொண்டே, "காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறப்ப கூட வர்றீங்களாக்கா?" என்றார்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.