சின்ன விமானமும் பெரிய ஹெட்போனும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

தருமபுரியில் இருக்கும் என் நண்பர் அண்மையில் வேலை மாறியிருக்கிறார். இனி அவர் சேலம் விமான நிலையத்திலிருந்து அடிக்கடி ஐதராபாத் போய்வர வேண்டியிருக்கும். "நீங்கள் வருடக்கணக்காகச் சின்ன விமானங்களில்தான் அலைகிறீர்கள். காதை முழுதாக மூடுகிற, இரைச்சலை நீக்குகிற ஹெட்போன் வாங்கலாமா, இயர்பட்ஸே போதுமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. என்னுடைய ஹெட்போனும் காது மெத்தை மாற்றப்பட்டு இப்போதுதான் கைக்குத் திரும்பியிருக்கிறது என்பதால், அதனோடு நான் பழகியதை முழுதாகவே எழுதிவிடுகிறேன். ப்ளூடூத் பதிப்பு, சார்ஜ் நிற்கும் நேரம் போன்ற விவரங்கள் எல்லா விற்பனைப் பக்கங்களிலும் இருப்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

நான் கிருஷ்ணகிரியில் குடியிருந்து ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். பித்தளை உதிரிபாகங்களுக்காகக் குஜராத்திலுள்ள ஜாம்நகர் போகும்போது பெங்களூரிலிருந்து எம்ப்ரேயர் விமானம், ஐதராபாத் போகும்போது சேலம் காமலாபுரத்திலிருந்து ஏ.டி.ஆர். 72 என்ற ப்ரொப்பெல்லர் விமானம் என்று என் பயணங்கள் பெரும்பாலும் எண்பது இருக்கைக்கு உட்பட்ட விமானங்களிலேயே அமைந்துவிட்டன. ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது வரும்வரை வடக்கே பெங்களூரின் கெம்பேகௌடா விமான நிலையம், தெற்கே தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலம் என்ற இரண்டு வழிகள்தாம் எங்கள் பக்கத்து மக்களுக்கு.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நான் எதிர்பாராதது. இந்த வகை ஹெட்போன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பெரிய ஜெட் விமானங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். ஆனால் இக்கருவியின் முழுத் திறமையும் வெளிப்படுவது, அவர்களில் பலர் ஏற விரும்பாத ப்ரொப்பெல்லர் விமானத்தில்தான். ஏ.டி.ஆர். 72-600இன் ஒவ்வொரு எஞ்சினிலும் ஆறு இதழ்கள் கொண்ட ப்ரொப்பெல்லர் இருக்கிறது. உயரத்தில் சீராகப் பறக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்றுச் சுற்றுகிறது. ஆறு இதழ்களும் ஒவ்வொன்றாக உடற்பகுதியைக் கடந்து காற்றை அறையும்போது நொடிக்கு ஏறத்தாழ நூறு அதிர்வுகள் கொண்ட ஒரே சீரான ஆழ்ந்த முழக்கம் உண்டாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கிணற்று மோட்டார் அறைக்குள் உட்கார்ந்திருப்பதைப் போன்ற அந்த ஒலி, காதைவிட மண்டையையும் தாடையையும்தான் களைப்படையச் செய்கிறது. இறங்கிய பிறகும் அரைநாள் அது உடம்பில் இருக்கும்.

இரைச்சல் நீக்கும் மின்சுற்றுக்கு இதைவிட வசதியான எதிரி கிடைக்காது. வெளியே வரும் ஒலியை மைக் பிடித்து, அதன் மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக ஓர் எதிர் அலையைக் காதுக்குள் உண்டாக்குவதே இதன் வேலை. நூறு அதிர்வு ஒலியின் அலை மூன்று மீட்டருக்கு மேல் நீளமானது. காதுக் கிண்ணத்தின் சிறிய இடத்துக்குள் எதிர் அலை சற்றே முன்பின் ஆனாலும் கணக்குத் தவறாது. மூவாயிரம் அதிர்வுள்ள கூர்மையான ஒலிக்கு அலைநீளம் ஒரு சாணுக்கும் குறைவு. அங்கே சிறிய பிசகும் பெரிய பிசகாகிவிடும். அதனால்தான் குழந்தையின் அழுகையையும், தொப்பூரில் பேருந்து அடிக்கும் ஏர் ஹாரனையும் இந்தக் கருவி அடக்குவதில்லை. ஆனால் ப்ரொப்பெல்லரின் முழக்கத்தை அது வேரோடு எடுத்துவிடுகிறது. பொத்தானை அழுத்திய நொடியில் அந்த முழக்கம் மறைவதை இத்தனை பயணங்களுக்குப் பிறகும் நான் நன்றியோடுதான் உணர்கிறேன்.

இந்தக் கருவியின் பிறப்பே விமானத்தோடு சேர்ந்ததுதான். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது எஞ்சின் இரைச்சலில் இசை கேட்க முடியாமல், அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். 1989இல் அவருடைய நிறுவனம் முதலில் விமானிகளுக்கான ஹெட்செட்டைத்தான் விற்றது. பயணிகளுக்கான ஹெட்போன் 2000இல்தான் வந்தது. எஞ்சினுக்கு அருகிலேயே நாளெல்லாம் வேலை செய்கிறவர்களுக்காக முதலில் செய்யப்பட்ட பொருள் சின்ன விமானப் பயணிக்கு இவ்வளவு பொருந்துவது இயல்பானதே.

ஜெட் விமானங்களில் கதை வேறு. பன்னிரண்டு வணிக வகுப்பு இருக்கைகளும் அறுபத்து நான்கு சாதாரண இருக்கைகளுமாக ஸ்டார் ஏர் நிறுவனம் ஓட்டும் எம்ப்ரேயர் 175இல் ஆழ்ந்த முழக்கம் குறைவு. உடற்பகுதியின்மேல் காற்று உரசும் 'ஸ்ஸ்' ஒலியே மிகுதி. அது மின்சுற்றுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. அதைத் தடுப்பது காதைச் சுற்றியுள்ள மெத்தைதான். ஐம்பது இருக்கைகள் கொண்ட, எம்ப்ரேயரின் சிறிய ஜெட்டான ஈ.ஆர்.ஜே. 145இல் எஞ்சின்கள் வாலருகே பொருத்தப்பட்டிருப்பதால் முன்வரிசையில் உட்கார்ந்தால் ஹெட்போன் இல்லாமலேயே படிக்கலாம். கடைசி வரிசைகளில் அது முடியாது. ஏ.டி.ஆரில் நேர் எதிர். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளம் முன்பகுதியில் இருப்பதால் அங்கே அதிர்வு அதிகம், பின்வரிசைகள் அமைதியானவை. பயணிகள் ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான் என்பதால் பின்வரிசைக்காரர் முதலில் இறங்கவும் செய்யலாம்.

இனி எரிச்சல். இந்த ஹெட்போனில் இரைச்சல் நீக்கத்துக்கு ஒரு பொத்தானும் மின் பொத்தானும் தவிர வேறு எதுவும் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் வலது காதுக் கிண்ணத்தின் வெளிப்பரப்பில் விரலால் தொடவும் தடவவும் வேண்டும். அதில் ஒரு வசதி: உள்ளங்கையால் அந்தக் கிண்ணத்தை மூடினால் பாட்டு தாழ்ந்து, வெளி ஒலி பெருக்கப்பட்டு உள்ளே வரும். பணிப்பெண் ஏதாவது கேட்டால் ஹெட்போனைக் கழற்றாமலே பதில் சொல்லலாம் என்பதற்காகச் செய்தது. பெரிய விமானத்தில், சாய்த்துக்கொள்ளும் அகன்ற இருக்கையில், இது நல்ல யோசனையாகவே இருக்கலாம்.

சின்ன விமானத்தில் இருக்கை அதிகம் சாயாது. களைத்த மனிதர் செய்வது ஒன்றே ஒன்று: கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தையும் காதையும் தாங்கிக் கண்ணை மூடுவது. ஜன்னலோரத்து வளைந்த சுவரும் அந்த நிலைக்கே நம்மைத் தள்ளுகிறது. கை வலது கிண்ணத்தில் பட்ட கணத்தில், அதுவரை அடைபட்டிருந்த ப்ரொப்பெல்லர் முழக்கம் பெருக்கப்பட்டுக் காதுக்குள் பாய்கிறது. திடுக்கிட்டுக் கையை எடுத்தால் மறுபடி அமைதி. தூக்கத்தில் கை தானாகத் திரும்பி வந்தால் மறுபடி முழக்கம். எந்த ஒலியிலிருந்து தப்புவதற்காக இவ்வளவு பணம் கொடுத்தேனோ, அதே ஒலியை இயற்கையில் இருப்பதைவிடப் பெரிதாக்கி, நான் கண்ணயரும் நேரம் பார்த்து அது என் காதில் ஊற்றுகிறது. இதை வடிவமைத்தவர்கள் ஒருமுறையாவது ஏ.டி.ஆரில் தலையைக் கையில் தாங்கி உறங்க முயன்றிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

செயலியில் இதை நிறுத்த முடியாதா என்று நண்பர் கேட்பார். நிறுத்தலாம், ஆனால் தொடுவசதி முழுவதையும்தான் நிறுத்த முடியும். உள்ளங்கை வசதியை மட்டும் தனியே நிறுத்த வழியில்லை. முழுவதையும் நிறுத்தினால் பாட்டை மாற்றவும் ஒலியைக் குறைக்கவும் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுக்க வேண்டும். கம்பியைச் செருகினாலும் தொடுவசதி ஓய்ந்துவிடும், இரைச்சல் நீக்கம் மட்டும் இயங்கும். ஆனால் ப்ளூடூத் துண்டிக்கப்படும், இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் கம்பியைச் செருக இடமும் கிடையாது. பாட்டே வேண்டாம், அமைதி மட்டும் போதும் என்கிற இரவுப் பயணங்களில் கம்பியின் மறுமுனையை எதிலும் செருகாமல் தொங்கவிட்டுத் தூங்குகிறேன். இத்தனை விலையுள்ள பொருளுக்கு இது மரியாதையான தீர்வு அன்று.

இந்த ஒரு குறையால் என் இருக்கைத் தேர்வே மாறிவிட்டது. இப்போதெல்லாம் இடப்பக்க ஜன்னலோரத்தையே கேட்கிறேன். அங்கே சுவர் இடப்பக்கம் இருப்பதால் தலையும் இடக்கையில் சாய்கிறது, வலது கிண்ணம் தொந்தரவின்றி இருக்கிறது. ஈ.ஆர்.ஜே. 145இல் இடப்பக்கம் ஒற்றை இருக்கை வரிசை, வலப்பக்கம் இரட்டை. அந்த ஒற்றை இருக்கை, ஜன்னலும் நடைபாதையும் ஒருசேர ஒருவருக்கே கிடைக்கும் இடம். இந்த ஹெட்போனோடு அதில் போகும் ஜாம்நகர்ப் பயணம், நான் அறிந்த விமானப் பயணங்களிலேயே மிக இனியது. தலைக்கு மேலுள்ள பெட்டி அலமாரி இரட்டை இருக்கைப் பக்கம் மட்டுமே இருப்பதால் எழுந்திருக்கும்போது தலையில் இடிப்பதும் இல்லை.

பழுதுபார்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எவரும் எச்சரிக்காத விஷயம். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் காது மெத்தையின் செயற்கைத் தோல் உரிந்து கறுப்புத் துகளாக உதிரத் தொடங்கியது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மலிவான மாற்று மெத்தை கிடைத்தது, பார்ப்பதற்கு அச்சு அசல் அதே போல. அதைப் போட்டபின் ஏ.டி.ஆரில் ஏறினால் முழக்கத்தில் பாதி உள்ளே வந்தது. மெத்தை காதைச் சுற்றிச் சரியாகப் பொருந்தாமல் சிறு இடைவெளி விட்டாலும் முதலில் நழுவுவது ஆழ்ந்த ஒலிகள்தாம்; மூக்குக் கண்ணாடியின் காம்பு நுழையும் இடத்திலும் இதுவே நடக்கிறது. நிறுவனத்தின் சொந்த மெத்தையைப் போட்டவுடன் பழைய அமைதி திரும்பியது. ஆகவே வாங்கும் முன், அசல் மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்பதை விசாரித்துவிடுவது நல்லது.

இயர்பட்ஸ் கேள்விக்கு வருகிறேன். இயர்பட்ஸ் சட்டைப் பையில் அடங்கும். ஹெட்போன் அதன் உறையோடு சேர்ந்து ஏழு கிலோ கைப்பையில் கணிசமான இடத்தைப் பிடிக்கும். சின்ன விமானங்களில் மேலலமாரி சிறியது என்பதால் பல நேரம் சக்கரப் பெட்டியை விமானத்தின் வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது பவர் பேங்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் மின்கலம் கொண்ட பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக் கூடாது. நூறு வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் எடுத்துப் போகலாம், சாதாரணமாக நாம் வைத்திருக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் அதற்குள் அடங்கும். ஆனால் அதை விமானத்துக்குள் பயன்படுத்துவதை நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தடுத்து வருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலே தடுத்துவிட்டது. ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரப் பயணம் முழுவதும் ஓடும் பெரிய ஹெட்போனுக்கு இங்கே ஒரு மேன்மை உண்டு. நெருக்கமான இருக்கைகளுக்கிடையே இயர்பட் ஒன்று நழுவி விழுந்தால் அதைத் தேட இருக்கையை நகர்த்தக் கூடாது, பணிக்குழுவைத்தான் அழைக்க வேண்டும் என்பதையும் நண்பர் நினைவில் வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ.டி.ஆரின் முழக்கத்துக்கு எதிரே நான் பயன்படுத்திப் பார்த்த எந்த இயர்பட்ஸும் இந்த ஹெட்போன் தரும் அமைதியில் பாதியைக்கூடத் தந்ததில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும், இதே ஹெட்போனை மறுபடி வாங்குவீர்களா என்று கேட்டால் மாட்டேன் என்றே சொல்வேன். விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, அதற்காகவும் மாட்டேன். இரைச்சல் நீக்கத்தில் இதற்கு ஒரு படி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லா வேலைக்கும் அழுத்தும் பொத்தான்கள் உள்ள ஒன்றையே நண்பர் வாங்க வேண்டும். கடையில் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையில் முழங்கையை ஊன்றி, முதலில் வலது உள்ளங்கையிலும் பிறகு இடது உள்ளங்கையிலும் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க வேண்டும். அப்போது கடையின் சத்தம் உள்ளே புகுந்தால், அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லலாம்.