ஆகன் காஸ்: மெசின் போட்டு எடுக்கிறதோ, சிலிண்டர் வாங்கிறதோ?

கிளிநொச்சிப் பக்கம் ஸ்டெயின்லெஸ் கேட், கைபிடி வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்விதான், வெல்டிங் அடிக்கேக்க காத்துப் படாம மூடுற ஆகன் வாயு காத்திலயே கிடக்கு, பிறகேன் கொழும்பில இருந்து ஏ9 வீதியால லொறியில வாற சிலிண்டருக்குக் காசு குடுக்கோணும் எண்டு. கனடாவில இருக்கிற மச்சானும் "சின்னப் பிளான்ட் ஒண்டு போடுவம், காசு நான் தாறன்" எண்டவன். விசாரிச்சுப் பாத்திட்டு நான் சிலிண்டரோடயே நிண்டிட்டன்.

சிலிண்டரிட வில்லங்கம் தெரிஞ்சதுதானே, டிப்பொசிட், ஏத்துக்கூலி, அவசர வேலைக்குள்ள முடிஞ்சுபோறது. அதை விடுங்கோ.

மெசின் கதைக்கு வருவம். கொரோனா நேரம் ஆசுபத்திரியளுக்கு வந்த ஒட்சிசன் மெசின் மாதிரி ஒண்டு காணும் எண்டு கனபேர் நினைக்கினம். அதுக்குள்ள இருக்கிற சியோலைட் எண்ட உறிஞ்சிற மணியள் நைதரசனைத்தான் பிடிச்சு வைக்கும், ஆகன் ஒட்சிசனோட சேந்தே வெளியில வந்திடும், அதாலதான் அந்த ஒட்சிசனே 95 வீதத்தைச் சுத்தி நிண்டிடுது. ரெண்டையும் பிரிக்கோணுமெண்டா காத்தைத் திரவமாக்கி வடிக்கோணும். ஒட்சிசன் கொதிக்கிறது மைனஸ் 183 பாகையில, ஆகன் மைனஸ் 186இல, இந்த மூண்டு பாகைக்காக நெடுங்கோபுரம், இரவு பகல் நிக்காத கரண்ட்.

சரி, அதையும் போட்டாச்சு எண்டு வைப்பம். காத்தில ஆகன் 0.93 வீதம்தான், ஒரு லீற்றர் எடுக்க 100 லீற்றருக்கு மேல காத்தைக் குளிராக்கோணும், கூடவே 22 லீற்றர் ஒட்சிசனும் 84 லீற்றர் நைதரசனும் வரும், அதை ஆர் வாங்கிறது? வெளிநாட்டில உருக்காலைக்கு ஒட்சிசன் குடுக்கத்தான் பிளான்ட் போடுறாங்கள், கரண்ட் பில்லில பெரும்பங்கை ஒட்சிசன் கட்டும், ஆகன் மேலதிக வரும்படி. இங்க முழு பில்லும் ஆகன்ர தலையில விழும். நியன் வாயுவும் அப்பிடி ஒட்சிசனோட மேலதிகமா வாறதுதான், 2022இல உக்ரைனில சண்டை தொடங்கி அங்கத்த நியன் ஆலையள் நிண்ட உடன விலை எங்கயோ போனது. செனன் வாயு இன்னும் மோசம், ஒரு லீற்றருக்கு 11,000 கனமீற்றருக்கு மேல காத்து வேணும்.

நைதரசன் மட்டும் எண்டா மெசின் கட்டுமாக்கும், நைதரசன் அடிச்சுச் சாப்பாட்டுப் பக்கெற் அடைக்கிற தொழில் நான் செய்ததில்ல, அடிச்சுச் சொல்லமாட்டன். வெறும் இரும்பு வேலைக்கு ஆகனே தேவையில்ல, சீஓரூ (காபனீரொட்சைட்டு) காணும், அது உர ஆலை, மதுசார ஆலைக் கழிவில இருந்து வாறபடியால மலிவு. ஸ்டெயின்லெஸ்காரர் நாலு பட்டறை சேந்து ஒரே லோட்டில எடுப்பியுங்கோ, ஏத்துக்கூலியாவது குறையும், நாங்கள் இப்ப அப்பிடித்தான் எடுக்கிறம்.