கிளேர்வுட் மெக்கானிக் கடை: பழைய பார்ட்ஸ டப்பால போட்டு கையில குடுக்குறாங்க

கடை பேரு போட மாட்டேன், முதல்லயே சொல்லிடுறேன். ஓனர் அங்கிளே "நெட்ல கிட்ல எழுதி விட்றாத, இருக்குற வண்டிய பாக்கவே கை பத்தல"ன்னுட்டார். இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குறவங்க கிளேர்வுட் சுப்பிரமணியர் கோயில் பக்கம் போய், லாரி யார்டுங்களுக்கு நடுவுல பச்சை ஷட்டர் எங்கன்னு கேட்டா யாரும் காட்டிருவாங்க.

என் வண்டி 2014 டொயோட்டா எட்டியாஸ் கார். பெங்களூர்ல செஞ்சு கப்பல் ஏறி வந்தது, கிட்டத்தட்ட என் கதை தான். முன்பக்கம் இடது வீல்ல கட கடன்னு சத்தம், ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது டப்பாவுக்குள்ள கொட்டைப்பாக்கு உருட்டின மாதிரி. வழக்கமா சர்வீஸ் விடுற இடம் ஒண்ணு இருந்துச்சு, கண்ணாடி கதவு, காபி மெஷின், சோபா, எல்லாம் ஜோரா இருக்கும். அங்க காட்டினேன். ரெண்டு ஷாக் அப்சார்பர், ஒரு கண்ட்ரோல் ஆர்ம், அப்புறம் அலைன்மென்ட், மொத்தம் 9,400 ராண்ட்னு ஒரு பேப்பர நீட்டிட்டாங்க. வாயே வரல எனக்கு.

ஆனா எனக்கு அந்த இடத்து மேல ஏற்கனவே ஒரு சந்தேகம். எங்கப்பா ஊர்ல டிவிஎஸ் 50ய சர்வீஸ் விடுறதுக்கு முன்னாடி அம்மாவோட நெயில் பாலிஷ எடுத்து ஸ்பார்க் ப்ளக்ல ஒரு பொட்டு வெப்பாரு, மாத்துறேன்னு சொல்லி மாத்தாம விட்டா கண்டுபிடிக்க. அந்த புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு. போன வருஷம் சர்வீஸ் விடுறதுக்கு முன்னாடி ஏர் பில்டர கழட்டி ஓரத்துல மார்க்கரால ஒரு பிள்ளையார் சுழி போட்டு வெச்சேன். பில்லுல புது ஏர் பில்டர்னு 320 ராண்ட். வீட்டுக்கு வந்து திறந்து பாத்தா பிள்ளையார் அங்கயே ஜம்முனு உக்காந்துருக்கார். போன் பண்ணி கேட்டா "சிஸ்டம்ல தப்பா ஏறிருச்சு சார்"னு காச திருப்பி போட்டுட்டாங்க. நான் பாக்கலன்னா சிஸ்டத்துக்கு தப்பு தெரிஞ்சிருக்குமான்னு கேட்டேன், அந்த பக்கம் சத்தமே இல்ல.

அதனால 9,400 பேப்பர மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, ஆபீஸ் டிரைவர் ஒருத்தர் சொல்லி இந்த பச்சை ஷட்டருக்கு வந்தேன். அங்க எல்லாரும் பாபான்னு கூப்பிடுற ஒரு ஜுலு பெரியவர் தான் போர்மேன். அவர் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஒரு ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டினார், என்னையும் குனிஞ்சு பாக்க சொன்னார். ஸ்டெபிலைசர் லிங்க்னு சுண்டு விரல் தடிமன்ல ஒரு கம்பி, அதோட முனையில இருக்குற பால் ஜாயின்ட் தொளதொளன்னு ஆடுது. அவ்ளோதான் விஷயம். ஷாக் நல்லா இருக்கு, இன்னும் ஓடும்னுட்டார். கூலியோட சேத்து 780 ராண்ட்.

வண்டிய எடுக்க போனப்ப கவுன்டர்ல பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒண்ண தூக்கி கையில குடுத்தாங்க. உள்ள துடைச்சு வெச்ச பழைய லிங்க், கூடவே ஏர் பில்டர் (அதையும் சேத்து மாத்த சொல்லிருந்தேன், அதே பிள்ளையார் சுழி பில்டர்). பாபா அந்த சுழிய காட்டி "இது என்ன, பார்ட் நம்பரா?"ன்னு கேட்டார். உண்மைய சொன்னேன். கொஞ்ச நேரம் சிரிக்கவே இல்ல, அப்புறம் ஒரே சிரிப்பு, இருமல் வர்ற வரைக்கும்.

இந்த டப்பா இவங்க பண்ற தர்மம் ஒண்ணும் இல்ல, அதான் இதுல மேட்டரே. இந்த நாட்டு கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட், 2008ஆம் வருஷ 68ஆம் நம்பர் சட்டம், அதுல 67ஆம் பிரிவு: ரிப்பேர்ல கழட்டின பார்ட்ஸ தனியா எடுத்து வெச்சு சுத்தமான டப்பால போட்டு கஸ்டமர் கிட்ட குடுக்கணும், அவரே வேணாம்னு சொன்னா ஒழிய. 15ஆம் பிரிவுப்படி முன்னாடியே எஸ்டிமேட் குடுக்கணும், அதுக்கு மேல போனா உங்கள கேக்காம வாங்க கூடாது. 57ல மாட்டின பார்ட்டுக்கும் வேலைக்கும் குறைஞ்சது 3 மாசம் வாரண்டி. அஞ்சு வருஷமா இங்க வண்டி ஓட்டுறேன், எனக்கு ஒண்ணுமே தெரியாது, காபி மெஷின் இருந்த இடத்துலயும் யாரும் சொன்னதில்ல. இன்னொண்ணு, புது வண்டி வெச்சிருக்கவங்களுக்கு: 2021 ஜூலைலேர்ந்து காம்பெட்டிஷன் கமிஷன்ங்குற அரசாங்க அமைப்போட வழிகாட்டுதல் இருக்கு, வெளி கடையில சர்வீஸ் பண்ணினாங்குற ஒரே காரணத்துக்காக வாரண்டி போச்சுன்னு கம்பெனிக்காரன் சொல்ல முடியாது. பில்ல மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க.

அங்கிளுக்கு எழுபத தாண்டிருச்சு. பாட்டன் முப்பாட்டன் கரும்பு காட்டுக்கு ஒப்பந்தத்துல வந்தவங்க. 1860 நவம்பர் 16 அன்னைக்கு மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோங்குற முதல் கப்பல் இங்க வந்துச்சே, அதுக்கு கொஞ்ச வருஷம் கழிச்சு வந்த கப்பலாம். தமிழ்ல நாலு வார்த்தை தெரியும், அதுல ரெண்டு திட்டு. பேச்சு எல்லாம் இங்கிலீஷ், நான் நம்ம பாஷையில போடுறேன். "உங்க பசங்களுக்கு கமிஷன் உண்டா அங்கிள்?"னு சும்மா கேட்டேன். "கமிஷன் குடுத்தா அவன் கண்ணு வீல பாக்காது தம்பி, உன் பர்ஸ தான் பாக்கும்"னார். தம்பிங்குறது அந்த நாலு வார்த்தையில ஒண்ணு.

இத கேட்டதும் எனக்கு எங்க ஆபீஸ் ஞாபகம் வந்துருச்சு. வருஷா வருஷம் எத்திக்ஸ் ட்ரெயினிங் நடக்கும். இந்த ஊர்ல கம்பெனி நிர்வாகம்னாலே கிங் ரிப்போர்ட் தான், முன்னாள் ஜட்ஜ் மெர்வின் கிங் தலைமையில போட்ட கமிட்டி, முதல் ரிப்போர்ட் 1994ல, நாலாவது 2016ல. நல்ல விஷயம் தான், குறை சொல்லல. ஆனா ஸ்லைடு ஓடும், டிக் அடிப்போம், சான்ட்விச் சாப்பிடுவோம், திங்கக்கிழமை அதே டார்கெட். அதே ட்ரெயினிங்ல தான் சியர்ஸ் கேஸும் சொல்லி குடுத்தாங்க: 1992ல கலிபோர்னியால சியர்ஸ் கம்பெனியோட கார் ரிப்பேர் கடைங்கள்ல தேவையில்லாத வேலைய எல்லாம் கஸ்டமர் தலையில கட்டுறாங்கன்னு அரசாங்கமே மாறுவேஷத்துல ஆள அனுப்பி புடிச்சது. தோண்டி பாத்தா வேலை ஆளுங்களுக்கு கமிஷன், இத்தனை பிரேக் இத்தனை ஷாக் வித்தாகணும்னு கோட்டா. கம்பெனி அப்புறம் அந்த கமிஷன தூக்கிருச்சு. அங்க இருந்த மெக்கானிக் எல்லாம் பொறக்கும்போதே திருடனா என்ன? வித்தா தான் வீட்டு வாடகைன்னு வெச்சா நல்ல ஷாக்கும் ஆட தான் செய்யும். எங்க ட்ரெய்னர் அந்த ஸ்லைட முடிச்சுட்டு அடுத்த ஸ்லைடுல எங்க க்வார்ட்டர் டார்கெட்ட போட்டாரு, சிரிச்சது நான் ஒருத்தன் தான்.

இவங்க கிட்ட பாபாவுக்கும் பசங்களுக்கும் மாச சம்பளம். கோளாறு என்னன்னு பாக்குறவர் ஒருத்தர், பில்லு எழுதுறது வேற ஆள், அங்கிளோட வீட்டம்மா. அவ்ளோ தான் இவங்க எத்திக்ஸ் பாலிசி, சுவத்துல பேப்பர் ஒண்ணும் ஒட்டல.

சுவத்துல வேற ஒண்ணு இருக்கு. ரெண்டாவது தடவ ஆயில் மாத்த விட்டப்ப தான் அதோட அர்த்தம் புரிஞ்சுது. சாயங்காலம் அங்கிள் போன், "எங்க பையன் உன் சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) நட்ட ஓவரா முறுக்கி மரைய கெடுத்துட்டான், புது சம்ப் போடுறோம், எங்க செலவு, ரெண்டு நாள் ஆகும்." எனக்கு செம கோவம், மாத்து வண்டி கிடையாது, டர்பனுக்கு வடக்க இருக்குற உம்ஹ்லாங்கா வரைக்கும் தினம் ஆப்ல டாக்சி புடிச்சு போனேன், அந்த காசும் என் தலையில தான். கத்திட்டேன் போன்லயே. வீட்டுக்கு வந்து யோசிச்சா, கொஞ்சம் டேப்ப சுத்தி மாட்டி விட்டிருந்தா எனக்கு எங்க தெரியும்? நாலு மாசம் கழிச்சு சொட்டிருக்கும், பழைய வண்டி சொட்டுதுன்னு நானே நினைச்சிருப்பேன். அந்த பையன், வேலை கத்துக்கிட்டு இருக்குற இருபது வயசு பையன், அவனா தான் போய் பாபா கிட்ட சொல்லிருக்கான். வண்டிய எடுக்க போனப்ப பாத்தேன், வொர்க்ஷாப் பின்சுவத்துல வரிசையா ஆணி, ஒவ்வொண்ணுலயும் உடைஞ்ச போல்ட், மரை போன நட்டு, கருகின ப்யூஸ், கீழ தேதி மட்டும் எழுதிருக்கு, பேரு இல்ல. என் சம்ப் நட்டும் தொங்குது. இருக்குறதுலயே பழைய ஆணியில அங்கிளோடதே ஒரு போல்ட். சம்பளத்துல புடிக்க மாட்டீங்களான்னு கேட்டேன். சட்டப்படி பையன் எழுத்துல ஒத்துக்கிட்டா தான் புடிக்க முடியும், அதுவும் கால்வாசிக்கு மேல கூடாதாம். அங்கிள் அதையும் பண்றதில்ல, "புடிச்சா அடுத்த தடவ என்கிட்ட சொல்வானா?"ன்னார்.

இப்ப என் வண்டவாளம். மூணாவது பில்லு கொஞ்சம் பெருசு, பிரேக் பேட், டிஸ்க் எல்லாம். ஆன்டி கிட்ட மெதுவா குனிஞ்சு, "கேஷா குடுத்தா வாட் வரி இல்லாம போட்டுக்கலாமா?"ன்னு கேட்டுட்டேன். பதினஞ்சு பர்சென்ட் சும்மாவா. கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. "கணக்குல வராத காசு கல்லால விழுந்தா முதல்ல எங்க வீட்டுக்குள்ள தான் சண்டை வரும், அப்புறம் பசங்க எங்கள பாத்து கத்துக்குவாங்க"ன்னாங்க. டப்பா குடுக்கலன்னு அடுத்தவன திட்டின அதே வாயால கேட்டேன்ல, மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. முழுசா கட்டிட்டு வந்தேன்.

குறைங்க நிறைய இருக்கு. உக்கார இடம் கிடையாது, ஒரு டயர் மேல உக்காரணும், நாய் வந்து மோந்து பாக்கும். "ஜஸ்ட் நவ்"னு சொன்னா இந்த ஊர்ல இப்பவும் இல்ல சாயங்காலமும் இல்லங்குறது இங்க இருக்குறவங்களுக்கு தெரியும், அங்கிளோட ஜஸ்ட் நவ் வியாழக்கிழமை வரைக்கும் போகும். கூலி ஒண்ணும் சீப் இல்ல. ரோட்டோரத்துல நான் சல்லிசா வாங்கிட்டு போன ஹெட்லைட்ட பில்லு இல்லன்னு மாட்ட மாட்டேன்னுட்டார், எந்த வண்டியில திருடினதோன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது கொஞ்சம் ஓவர், தனியா கூப்பிட்டு சொல்லிருக்கலாம்.

இன்னொண்ணு இன்னும் உறுத்துது. அத்தனை பேருக்கும் ஒண்ணாம் தேதி சம்பளம்னு பெருமையா சொன்னார். ஆன்டி காலைல ஏழரைலேர்ந்து அந்த டேபிள்ல இருக்காங்க, பில்லு, போன், பார்ட்ஸ் ஆர்டர், வாட் கணக்கு எல்லாம் அவங்க தான். உங்களுக்கு எவ்ளோ சம்பளம் ஆன்டின்னு கேட்டேன். சிரிச்சுட்டு என் சாவிய எடுத்து நீட்டினாங்க, அங்கிள் வேற பக்கம் திரும்பி ஸ்பேனர் தேடினார். அதுக்கு தான் ஒரு ஸ்டார் கட், அஞ்சுக்கு நாலு.

போறதா இருந்தா முந்தின நாளே போன் பண்ணிட்டு போங்க. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிரும், தைப்பூச காவடிக்கு கடை லீவு.