கோட்பிளாக்ஸ்: முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் போதும், ஒரு டிக் மட்டும் கவனம்

சி புரோகிராமிங் படிக்க ஆரம்பிக்கும் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்தால் நான் போட்டுக் கொடுப்பது கோட்பிளாக்ஸ் 20.03, புரோகிராமை எழுதி ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் திணறாது, ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் நெட் வேண்டாம். தங்கச்சிமடத்தில் காற்று பலமாக அடித்தால் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

குழப்பம் இறக்கும் பக்கத்திலேயே தொடங்குகிறது. விண்டோஸுக்கென்று வரிசையாகப் பல ஃபைல்கள் இருக்கும். டேட்டாவை மிச்சம் பிடிக்கச் சின்னதை எடுத்தால் அதில் எடிட்டர் மட்டும்தான், எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் இருக்காது. பில்ட் கொடுத்ததும் கம்பைலரைக் காணோம் என்று சொல்லிவிடும். பெயரில் மின்ஜிடபிள்யூ என்று இருப்பதை எடுங்கள், 20.03-இல் ஜிசிசி 8.1 என்ற கம்பைலர் கூடவே வரும். பழசுதான், பாடத்துக்குத் தாராளம்.

டர்போ சி என்ற பழைய சாஃப்ட்வேரில் பழகியவர்கள் திரையைத் துடைக்கப் போடும் கிளர்எஸ்சிஆர் இங்கே செல்லாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். மெயின் என்ற ஃபங்ஷன் பெயரில் எழுத்து முன்பின் மாறினால், நீங்கள் எழுதவே எழுதாத வின்மெயினைக் காணோம் என்று புகார் வரும். பயப்பட வேண்டாம், மெயினைத் திருத்தினால் சரியாகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறு. விசைப்படகுக்குப் போகிறவரின் மகள் ஒருத்தி பங்குக் கணக்குக்குப் புரோகிராம் எழுதினாள். ஏலத் தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் பிரிப்பது. பிரிக்கும் ஃபங்ஷனைத் தனி ஃபைலில் வைத்திருந்தாள், ஹெடரும் சரி, பெயரும் சரி. ஆனாலும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது கூப்பிட்ட ஃபங்ஷனைக் காணோம் என்ற புகார்.

"அக்கா, ஃபங்ஷன் அங்கேதானே இருக்கு, இதுக்குக் கண்ணு தெரியலையா?"

பில்ட் மெசேஜஸைப் பார்த்தால் பிடிபடாது. பக்கத்தில் இருக்கும் பில்ட் லாகைத் திறந்தோம். மெயின் ஃபைலுக்கு ஜிசிசி ஓடிய வரி இருந்தது, இரண்டாவது ஃபைலுக்கு அப்படி ஒரு வரியே இல்லை. அதைக் கம்பைல் செய்தால்தானே, எல்லா ஃபைலையும் ஒன்றாக இணைக்கும் லிங்க்கருக்குக் கிடைக்கும்! புது ஃபைல் சேர்க்கும்போது டீபக், ரிலீஸ் என்று இரண்டு கட்டம் கேட்கும். டிக் போடாமல் ஃபினிஷ் கொடுத்தால் ஃபைல் பட்டியலில் நிற்கும், பில்டில் சேராது. இடது பக்கம் ஃபைலின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பில்ட், இரண்டுக்கும் டிக். ஓடிவிட்டது. இந்த டிக்கைத் தானாகவே போட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

'பெர்மிஷன் டினைட்' வந்தால் அனேகமாக முந்தைய கறுப்பு விண்டோ இன்னும் மூடாமல் கிடக்கும். மூடிவிட்டுத் திரும்ப பில்ட் கொடுங்கள்.

லினக்ஸில் இறக்கும் குழப்பம் குறைவு. ஆனால் ஸ்கொயர் ரூட் போன்ற கணக்கு ஃபங்ஷன் போட்டால், லிங்க்கர் செட்டிங்ஸில் லைப்ரரியாக எம் என்ற ஒற்றை எழுத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும்.