டாங்கிள்வுட் போகிறவர்கள் கவனத்துக்கு: 'கார்டன் வியூ சீட்' என்று சொல்லி விற்றால் பணம் கட்டாதீர்கள்

நியூ ஜெர்சியிலிருந்து டாங்கிள்வுட் இசைவிழாவுக்கு பஸ், டிக்கெட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி நான்கு பேருக்கு 660 டாலர் கட்டினேன். முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மாவை ஈரப் புல்லில் நிற்க வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஏற்பாட்டாளரின் பெயரைப் போடப்போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் விளம்பரம் வரலாம், அதனால் எப்படி ஏமாந்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

அம்மா ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். மார்கழியில் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்கிறவர், இங்கே வந்தால் நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கிறார். என் மகள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள். ஞாயிறு மதியம் இரண்டரை மணிக் கச்சேரியில் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி என்று பார்த்ததும் அவள்தான் பாட்டியிடம் ஓடினாள். 1808இல் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது அது, கிராமப்புறத்துக்குப் போன மனிதனின் உணர்வுகள்தான் பொருள். ஓடைக்கரைப் பகுதியின் முடிவில் புல்லாங்குழலில் நைட்டிங்கேலும், ஓபோவில் காடையும், கிளாரினெட்டில் குக்கூவும் கூவும், பறவைகளின் பெயரை பீத்தோவனே இசைக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட இசையை மலையும் மரமும் சூழ்ந்த இடத்தில் பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டாங்கிள்வுட் மாசசூசெட்ஸில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில், லெனாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கோடை வீடு. 1937இல் அங்கே கூடாரம் போட்டு நடத்தியபோது ஒரு நாள் பெரிய இடிமழை வந்து கச்சேரியே தடைபட்டுப்போக, அன்றைக்கே நிலையான அரங்கம் வேண்டும் என்று நன்கொடை திரட்ட ஆரம்பித்து, மறு வருடமே கட்டி முடித்தார்கள். அதுதான் ஷெட். சுமார் 5,000 பேர் உட்காரலாம். கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. அதைத் தாண்டினால் பரந்த புல்வெளி, அதற்குத் தனியாக லான் டிக்கெட். லான் டிக்கெட்காரர்கள் விரிப்போ மடக்கு நாற்காலியோ தாங்களே கொண்டுபோய் உட்கார்ந்துகொள்வார்கள். ஷெட்டுக்கும் லானுக்கும் விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், தெரிந்தும் ஏமாந்தேன்.

விளம்பரத்தில் 'கார்டன் வியூ சீட்டிங்' என்று போட்டிருந்தது. ஷெட்டுக்குச் சுவர் இல்லையே, ஓரத்து இருக்கைகளிலிருந்து புல்வெளி தெரியும், அதைத்தான் சொல்கிறார்கள் என்று நானாகவே அர்த்தம் செய்துகொண்டேன். இருந்தாலும் போன் போட்டுக் கேட்டேன். "அம்மாவால் தரையில் உட்கார முடியாது அண்ணா, நாற்காலி உண்டுதானே?" "சிஸ்டர், ஆன்ட்டியை நம்ம வீட்டு ஆள் மாதிரி பார்த்துக்கிறோம், எல்லாம் நல்ல வியூ" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தமிழில் அவ்வளவு வாஞ்சையாகப் பேசினார், நானும் மேற்கொண்டு கேட்கக் கூச்சப்பட்டேன். கிரெடிட் கார்டு என்றால் கூடுதல் கட்டணம், வங்கிக் கணக்கிலிருந்து ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பினால் ஆளுக்கு 10 டாலர் குறைவு என்றார். தலைக்கு 165 வீதம் அப்படியே அனுப்பினேன். டிக்கெட்டை முன்கூட்டியே அனுப்பச் சொன்னதற்கு, பஸ்ஸில்தான் தருவோம், குரூப் டிக்கெட் என்றார்.

பஸ் ஒரு மணி நேரம் தாமதம். சாப்பாடு என்றது ஒரு சாண்ட்விச், ஒரு தண்ணீர் பாட்டில். அதையெல்லாம் விடுங்கள். டிக்கெட்டை லெனாக்ஸ் நெருங்கும்போதுதான் கையில் கொடுத்தார்கள். லான் என்று போட்டிருந்தது, பகுதி எண், வரிசை, இருக்கை எண் எதுவும் இல்லை. விலை 26 டாலர். மகளின் டிக்கெட்டில் விலை பூஜ்யம். அங்கே புல்வெளிக்குச் சிறுவர்களுக்குக் கட்டணமே கிடையாது, அந்த இலவச டிக்கெட்டைத்தான் இந்த மனிதர் 165 டாலருக்கு எனக்கு விற்றிருக்கிறார்.

ஏற்பாட்டாளரைக் கேட்டால், "புல்வெளி கார்டன்தானே சிஸ்டர், அங்கேதான் ஃபீலிங்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஷெட் வாசலில் நின்ற வயதான தொண்டரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்து, இது லான் டிக்கெட், உள்ளே விட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. காலையில் பெய்த மழையில் புல் முழுக்க ஈரம். எங்களிடம் விரிப்புகூட இல்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லடி, நின்னே கேக்கறேன்" என்றார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். பக்கத்தில் பிக்னிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, தன் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் போய் விரிப்பில் உட்கார்ந்துகொண்டார்.

இடைவேளைக்குப் பிறகுதான் ஆறாவது சிம்பொனி. தூரத்தில் ஸ்பீக்கர் வழியாக வந்தாலும் அந்த இடத்தில் அது வேறு மாதிரிதான் இருந்தது. கிளாரினெட்டில் குக்கூ வந்தபோது மகள் பாட்டியின் கையைத் தட்டினாள், "நம்ம குயிலுக்குச் சொந்தக்காரன்தான்" என்றார் அம்மா. நான்காவது பகுதி புயல், டிம்பனி என்ற பெரிய முரசு இடியாக இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஏற்பாட்டாளரின் ஆள் வந்து, டிராஃபிக் ஆகிவிடும், பஸ் கிளம்புகிறது, வராதவர்கள் சொந்தச் செலவில் வரவேண்டும் என்று அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் எழுந்தோம். அந்த சிம்பொனியில் கடைசி மூன்று பகுதிகளும் நடுவில் நிற்காமல் ஓடும், புயல் அடங்கி மேய்ப்பர்களின் நன்றிப் பாட்டு தொடங்குகிற இடம்தான் மொத்தத்துக்கும் உயிர். அது ஆரம்பித்தபோது நாங்கள் பார்க்கிங்கை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். மகள் பஸ்ஸில் வீடு வரை யாருடனும் பேசவில்லை. எனக்குப் பணத்தைவிட இதுதான் இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன். முதலில் "பார்க்கலாம்", அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். குழுவில் எழுதினேன், அட்மின் பதிவை நீக்கிவிட்டார். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்பப் பெற முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் சொன்ன பொருள் கிடைக்கவில்லை என்று முறையிட்டிருக்கலாம், 40 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியையும் அடைத்துக்கொண்டேன். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், டிக்கெட் படம் எல்லாவற்றையும் சேர்த்து நியூ ஜெர்சி மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

பெற்றோரை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் தயவுசெய்து ஆர்கெஸ்ட்ராவின் சொந்த இணையதளத்திலோ பாக்ஸ் ஆபீஸ் என்கிற அவர்களுடைய டிக்கெட் கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். பஸ் வேண்டுமென்றால் பஸ்ஸை மட்டும் தனியாகப் பேசுங்கள், கச்சேரி முடிந்த பிறகுதான் கிளம்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யார் விற்றாலும் பகுதி, வரிசை, இருக்கை எண் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லை என்றால் அது ஷெட் இருக்கை இல்லை. லானில் உட்காருவது தப்பே இல்லை, விரிப்பு, நாற்காலி, குடையோடு தயாராகப் போனால் அருமையான இடம். மழை பெய்தாலும் கச்சேரி நடக்கும், லான் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று ராத்திரி இன்னொரு ஞாயிறு கச்சேரிக்கு நானே நேரடியாக வாங்கிவிட்டேன், இந்த முறை எங்கள் காரிலேயே போகிறோம். ஷெட்டில் ஓரத்துப் பகுதி, ஒரே வரிசையில் நான்கு இருக்கைகள். எண்களை மகள் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.